பின்சுவர்

“மெதுவாப் பீய்ச்சுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், நீ என்னடான்னா தீயணைப்பு வண்டிக்காரன் கணக்கா—”

“மோட்டாரப் போட்டது யாருய்யா? நீ போட்டுட்டுக் குழாயப் பிடிச்சவன் மேல பழிய—”

“போடச் சொன்னது நீ—”

“நிறுத்தச் சொன்னதும் நான்தான், அது மட்டும் ஒன் காதுல—”

பாண்டிராஜும் இருளாண்டியும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தபோது சுவர் குறுக்கே புகுந்து பஞ்சாயத்தை முடித்துவைத்தது. முதலில் ஒரு மண்கட்டி விழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று விழுந்தது. பிறகு பந்தியில் ஒருவர் கையை உதறி எழுந்தால் வரிசையே எழுந்துகொள்வது போல, பின்சுவரில் பாதி சேறாகி எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தது.

காளிராஜ் முழங்கால் வரை சேற்றோடு, கையில் கொத்தனார் கரணையோடு நின்றார். இடிந்தது அவருடைய பூர்வீக வீடு. இடித்தவர்கள் அவருடைய உயிர்ச் சிநேகிதர்கள். யாரை நொந்துகொள்வது?

“நல்லதுக்குன்னு நெனச்சுக்க காளிராஜு,” என்றார் பாண்டிராஜ். “வீக்கா இருந்தது தானா விழுந்துருச்சு. மிச்சம் இருக்கது ஸ்ட்ராங்கு.”

மிச்சம் இருந்ததில் ஒரு கட்டி அப்போதுதான் விழுந்தது.

மூவரும் அருப்புக்கோட்டையில் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எந்திரம் நின்றுபோனால் ஃபிட்டர் வரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்பது மில் சட்டம். கைவைக்க முடியாத அந்த ஏக்கத்தை வேலைக்காலம் முழுக்க நெஞ்சுக்குள் அடைத்துவைத்திருந்தவர்களிடம், “ஊர்ல வீடு கெடக்கு, ஒக்கிட்டுச் சரி பண்ணணும், வர்றீகளா?” என்று காளிராஜ் வாய்தவறிக் கேட்டுவிட்டார். டீயை வைத்த இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்தவர்கள் அவர்கள்.

வீடு, எம்.ரெட்டியபட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடந்தால் வரும் சின்ன ஊரில் இருந்தது. தாயார் போன பிறகு பூட்டிய வீடு. முன்பக்கம் ஒன்றும் மோசமில்லை. பின்சுவரில்தான் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதை அடைத்தால் போதும், ஒருநாள் வேலை என்றுதான் தொடங்கினார்கள்.

“செம்மண்ணு, சுண்ணாம்பு, கடுக்காத் தண்ணி, கருப்பட்டி. இதான் பழைய முறை,” என்று செல்போனில் படம் காட்டினார் பாண்டிராஜ். “அரமனையெல்லாம் இதுலதான்யா கட்டியிருக்கான்.”

“எங்க வீடு அரமனை இல்லயே,” என்றார் காளிராஜ்.

“அரமனை ஆக்கிருவோம்.”

கருப்பட்டியைக் காய்ச்சி, குழைத்து, ஓட்டையை அடைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஊரிலுள்ள எறும்பு அத்தனையும் வரிசை கட்டி வந்து சுவரில் மொய்த்திருந்தது. எறும்பை ஒதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளின் ஆடுகள் சுவரை நக்கிக்கொண்டிருந்தன. நக்கிய இடமெல்லாம் குழி. எறும்புக்கு மருந்துப்பொடி தூவினார் இருளாண்டி.

அவ்வளவுதான், கருத்தம்மாள் கம்போடு வந்துவிட்டாள்.

“ஏம்ப்பா மில்லுக்காரகளா, ஆட்டக் கொல்லவா வந்தீக? ஒரு குட்டிக்கு வாயில நுரை வரட்டும், மூணு பேரையும் இதே கொல்லையில கட்டிப் போட்டு எல தழ தின்ன வைக்கலன்னா என்னன்னு கேளுங்க.”

ஆகவே மருந்தைக் கழுவ மோட்டார் குழாயை இழுத்துவந்தார்கள். கழுவியதில் மருந்து போனது, கருப்பட்டி போனது, எறும்பும் போனது. கூடவே சுவரும் போனது. கதை அங்கேதான் தொடங்கியது.

இடிந்ததைப் பார்க்கக் கருத்தம்மாள் மறுபடி வந்தாள். சண்டைக்கு வந்தவள் போல இல்லை. இடிந்த இடத்தைப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இதோட விட்டுருங்க தம்பி. அந்த ஓட்டை அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன எடஞ்சல்?”

“ஒங்க ஆட்டுக்கு நெழல் போயிருமேன்னு பாக்குறீக,” என்றார் இருளாண்டி.

“ஆமா, ஆட்டுக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு, காளிராஜை ஒருதரம் பார்த்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று அருப்புக்கோட்டை வீட்டுக்குத் திரும்பிய காளிராஜை மனைவி ஈஸ்வரி வாசலிலேயே நிறுத்தினாள்.

“இது என்ன கோலம்? வீட்டச் சரி பண்ணப் போனீகளா, வயலுக்கு நாத்து நடப் போனீகளா?”

“பின்செவுரு கொஞ்சம் விழுந்துருச்சு.”

“கொஞ்சம்னா?”

“பாதி.”

“பேசாம ஒரு கொத்தனார விடுங்கன்னா கேக்குறீகளா? அந்த ரெண்டு பேரும் நம்ம கலியாணத்துல பந்தல் போட்டவுக. பந்தல் என்னாச்சுன்னு ஊருக்கே தெரியும்.”

“ஆசையா வாராங்க ஈஸ்வரி. போங்கன்னு சொல்ல மனசு வரல. யாரையும் போன்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ல.”

ஈஸ்வரி கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

காளிராஜுக்கு உடன்பிறப்பு என்று இருப்பது நரிக்குடியில் வாக்கப்பட்ட அக்காள் ராக்கம்மாள் ஒருத்திதான். தன் மகனுக்குத் தம்பி மகளைக் கட்டவேண்டும் என்று, அது தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சொல்லிவந்தவள். தம்பியோ, மகளின் விருப்பம் என்று சொல்லி மதுரை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். முறைப்பையன் இருக்க வெளியே கொடுத்தால் எந்த அக்காள்தான் சும்மா இருப்பாள்? இதே ஊர் வீட்டு முற்றத்தில்தான் வார்த்தை தடித்தது. “பிடிக்காதவுக போகலாம்,” என்று காளிராஜ் சொன்னார். “போறேன்லே. இனி ஒன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல,” என்று அவள் இறங்கினாள்.

இறங்கினவள் இறங்கினவள்தான். தாயார் செத்தபோதுகூட வாசப்படி ஏறவில்லை. தெருவிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் மகள் முகம் பார்க்கட்டும் என்று பிணத்தைத்தான் வெளியே தூக்கிவந்து கிடத்தினார்கள். காளிராஜ் அப்போது பக்கத்தில்தான் நின்றார். ‘உள்ள வாக்கா’ என்று கையைப் பிடித்திருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார். அந்த வேட்டி நுனி இன்னும் அவர் கனவில் வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தப் பிள்ளைகளுக்காக இந்தப் பகையோ, அந்தப் பிள்ளைகள் இருவரும் அவரவர் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார்கள். பொங்கல் வந்தால் செல்போனில் ஒருவருக்கொருவர் கரும்புப் படம் அனுப்பிக்கொள்கிறார்கள். சண்டையைக் கீழே போடாமல் சுமந்துகொண்டிருப்பது பெரியவர்கள் இரண்டு பேர்தான்.

பிறந்த வீட்டில் பால் காய்ச்சும்போது பிறந்தவள் கையால்தான் பொங்க வேண்டும். தாம்பாளம் வைத்து அழைத்தால் எந்தப் பிறந்தவளும் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் அந்தக் குடிக்கே ஆகாது. காளிராஜ் பிடித்துக்கொண்டு தொங்கிய கயிறு அது ஒன்றுதான். ஆனால் பாழடைந்த வீட்டுக்கு எப்படிப் பால் காய்ச்ச? வீடு வீடாக வேண்டும். அப்போதுதான் அக்காளைக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைக்கும்.

சுவர் பாதி போனதும் அதன்மேல் உட்கார்ந்திருந்த உத்தரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது.

“ஜாக்கி,” என்றார் இருளாண்டி. “எம்மருமகன் லாரி ஜாக்கி இருக்கு. உத்தரத்துக்குக் கீழ குடுத்துத் தூக்கிட்டா முட்டுக் குடுத்துரலாம்.”

“வீட்டுக்கு ஜாக்கி போடுறதாய்யா?” என்றார் காளிராஜ்.

“லோடு லாரியையே தூக்குது. ஒன் வீடு என்ன லாரிய விடவா கனம்?”

தூக்கினார்கள். உத்தரம் அழகாக எழுந்தது. எழுந்து மட்டத்துக்கு வந்தபோது காளிராஜ், “போதும்,” என்றார். பாண்டிராஜ், “இன்னும் ஒரு விரக்கடை,” என்றார். இருளாண்டி, “விரக்கடை தான, இந்தா,” என்று ஒரு மிதி மிதித்தார். கூரையின் மறுபக்கத்து ஓடுகள் எல்லாம், இத்தனை வருசம் இருந்தது போதும் என்று தீர்மானித்தவை போல, ஒன்றன் முதுகில் ஒன்றாகச் சறுக்கித் தெருவுக்கு இறங்கின.

புழுதி அடங்கியதும் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் நீலமாக இருந்தது.

“வெளிச்சம் நல்லா வருது,” என்றார் பாண்டிராஜ்.

காளிராஜ் அவரையே பார்த்தார்.

“இல்ல, சும்மா சொன்னேன்.”

அந்தச் சீமையில் மழை என்பது பேப்பரில் படிக்கிற சங்கதி. ஆடியில் வராது, ஐப்பசியில் வருகிறேன் என்று சொல்லி மதுரையோடு திரும்பிவிடும். இந்த வீட்டுக்குக் கூரை இல்லை என்பது மேகத்துக்கு எப்படித் தெரிந்ததோ, அந்த வாரமே கருக்கட்டிக்கொண்டு வந்தது. பாண்டிராஜ் ஓடிப்போய், தெரிந்தவர் ஒருவர் வீட்டுக் காதணி விழாவுக்கு வைத்திருந்த பிளக்ஸ் பேனரை வாங்கிவந்து கூரைமேல் விரித்துக் கட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்ட குழந்தை ஒன்று வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி மழையை வாங்கிக்கொண்டது. ‘அனைவரும் வருக’ என்ற எழுத்து தெருவைப் பார்த்து அமைந்துவிட்டது.

மறுநாள் காலையில் புதுச்சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை, கையில் எவர்சில்வர் குத்துவிளக்குப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

“காதுகுத்து இங்கதான? பிள்ளை எங்க?”

“பிள்ளை மேல இருக்கு,” என்றார் இருளாண்டி, அண்ணாந்து காட்டி.

அவளை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவள் போன பிறகு காளிராஜ் இடிந்த மண்மேட்டில் உட்கார்ந்தார். கோபம்கூட வரவில்லை.

“ஏப்பா, அக்காவுக்கு என்ன வயசு ஆகுது தெரியுமா? எனக்கே மூட்டு வலிக்குது. இந்த வீடு எழும்புறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் இருப்பமோ என்னமோ.”

பாண்டிராஜும் இருளாண்டியும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாமல் நின்றார்கள். பிறகு இருளாண்டி, “கொத்தனாரையே கூப்பிட்டுரு காளிராஜு. நாங்க கல்லு எடுத்துக் குடுக்கோம்,” என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

ஈஸ்வரி காரியாபட்டியிலிருந்து கொத்தனார் வைத்தாள். அதன்பிறகு வேலை வேலையாக நடந்தது. ஓடு ஏறியது, தளம் பூசியானது. பின்பக்கம் மண்சுவரே வேண்டாம் என்று ஹாலோ பிளாக்கில் எழுப்பத் தொடங்கினார்கள். இடுப்பளவு எழும்பியிருந்தபோது கருத்தம்மாள் வந்து நின்றாள்.

“தம்பி, பின்னால ஒரு சின்னக் கதவாவது வச்சு விடுங்களேன்.”

“எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும். வீடுன்னா கொல்லைக்குப் போக வர வேண்டாமா?”

“ஆடு போக வரன்னு சொல்லுங்க,” என்றார் இருளாண்டி.

பாண்டிராஜ் சாஸ்திரம் பேசினார். “முன்வாசலுக்கு நேரா பின்வாசல் வச்சா வந்த மகாலட்சுமி அப்படியே பின்பக்கமாப் போயிருவா.”

“முன்பக்கமா வராத மகாலட்சுமியும் உண்டுல்ல,” என்றாள் கருத்தம்மாள்.

“அது எந்த மகாலட்சுமி, ஆடு மேய்க்கிற மகாலட்சுமியா?”

எல்லோரும் சிரித்தார்கள். காளிராஜும் சிரித்தார். கருத்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மடியில் இருந்த வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள். சுவர் அவள் தலைக்கு மேல் எழும்பியது.

வேலை முடிந்ததும் காளிராஜ் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு சேலை வைத்து நரிக்குடிக்குப் போனார். ராக்கம்மாள் உள்வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

“தங்கமாரி, வந்திருக்கவுக யாருன்னு கேளு.”

“ஒங்க தம்பிதான், அத்தை.”

“எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கானான்னு கேளு.”

தங்கமாரி தண்ணீர்ச் செம்போடு நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள்.

“இருக்கான்னு சொல்லும்மா,” என்றார் காளிராஜ். “சுகர், பிரசரோட இருக்கான்னு சொல்லு.”

“சுகர் எம்புட்டுன்னு கேளு.”

இதைக் கேட்டதும் காளிராஜ் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

“மாத்தரை சாப்பிடுறேன்னு சொல்லும்மா. வீட்ட எடுத்துக் கட்டியாச்சு, வெள்ளிக்கிழமை காலையில பால் காச்சு, பொறந்தவ வந்துதான் பொங்க வைக்கணும்னு சொல்லு.”

“எடுத்துக் கட்டுனதுன்னா எப்படின்னு கேளு.”

“நிலைக்கதவு அதேதான்னு சொல்லு. ஆத்தா படுத்திருந்த மூலைய அப்படியே விட்டு வச்சிருக்குன்னு சொல்லு. கூரைக்கு ஓடு மாத்தியிருக்கு.”

“பின்பக்கம்?”

‘கேளு’ என்று சேர்க்க ராக்கம்மாள் மறந்துபோனாள். இத்தனை வருசத்தில் அக்காள் நேராகத் தன்னிடம் கேட்ட முதல் வார்த்தை. காளிராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

“பின்செவுரு முழுசா ஹாலோ பிளாக்குல கட்டியாச்சுக்கா. காத்து நுழையாது, எறும்பு நுழையாது. இனி எத்தன மழை பேஞ்சாலும் அசையாது.”

ராக்கம்மாள் எழுந்து வந்தாள். தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

“வெத்தலைய எடுத்துட்டாக,” என்று பஸ் ஸ்டாப்பிலிருந்தே போன் பண்ணினார் காளிராஜ். “வந்துருவாக ஈஸ்வரி. நல்ல பாலா சொல்லி வையி.”

வெள்ளிக்கிழமை விடியும்போதே வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது. பாண்டிராஜ் வெள்ளைச் சட்டையில் விலக்கில் போய் நின்றுகொண்டார், அக்காள் ஷேர் ஆட்டோவில் இறங்கினால் கூட்டிவர. இருளாண்டி தெருமுனையில். காளிராஜ் வாசப்படிக்குப் பக்கத்திலேயே நின்றார். இந்தத் தடவை யார் பார்த்தாலும் சரி, இறங்கிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும் என்று மனதுக்குள் நூறுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஆட்டோவும் யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

“நல்ல நேரம் முடியப் போகுதுங்க,” என்றாள் ஈஸ்வரி.

“இன்னும் ஒரு ஆட்டோ பாப்போம்.”

“பால் தெரைஞ்சுருங்க.”

“இன்னும் ஒண்ணு.”

கடைசியில் ஈஸ்வரியே அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. குலவை போட்டவர்களின் சத்தம் சுரத்தில்லாமல் போயிற்று. வந்தவர்கள் பாலைக் குடித்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கெட்டி வேலை என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். விலக்கிலிருந்து தனியாகத் திரும்பிய பாண்டிராஜ் நாற்காலிகளை அடுக்கினார்.

எல்லோரும் போன பிறகுதான் கருத்தம்மாள் வந்தாள். கம்பு இல்லை, ஆடும் இல்லை. காளிராஜ் ஒரு தம்ளர் பாலை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

“அக்கா வரல,” என்றார் காளிராஜ். “வெத்தலைய எடுத்துட்டும் வரல. அவ்வளவு வைராக்கியம். நானும் இனி கூப்பிட மாட்டேன். செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சு பாத்தாச்சு.”

“அப்படிச் சொல்லாதீக தம்பி.”

“பெறகு என்ன சொல்லச் சொல்றீக? இந்த வீட்டு நெனப்பே இல்லாம இருக்கவளுக்காக நான் வீட்டக் கட்டிட்டு நிக்கிறேன்.”

கருத்தம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கொலசாமி மேல சத்தியம் வாங்கியிருந்தா. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு. சாமி குத்தம் வந்தா வரட்டும்.”

“யாரு?”

“ஒங்கக்கா. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னவ, ஆத்தா செத்த நாள்ல இருந்து வெள்ளிக்கு வெள்ளி பஸ்ஸுல எறங்கி, ஊருக்குள்ள வராம கம்மாக்கரை வழியா நடந்து வந்து, அந்தப் பின்செவுத்து ஓட்டையிலதான் குனிஞ்சு நொழஞ்சு, ஆத்தா படுத்த மூலையில உக்காந்துட்டுப் போவா. நீங்க வேல ஆரம்பிச்ச பெறகுதான் ஆள் கண்ணுல படுவமோன்னு வரல. இன்னைக்கும் ஒங்களுக்கு முன்னாலயே வந்துட்டா தம்பி. நீங்க வாசல்ல நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தீக, அவ பின்னால நின்னு அந்தப் புதுச்செவுத்தத் தடவிப் பாத்துட்டு எங்கிட்டக் கேட்டா, ‘இனி நான் எந்த வழியா வருவேன் கருத்தம்மா?’ன்னு.”